படுவான்கரையில் ஒரு மெதடிஸ்த ஆலயம்: கூரையும் சுவரும் திருத்திய குறிப்புகள்

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம், தடுப்பில்லாத ஒரே மண்டபம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு பக்கம் வயலும் ஒரு பக்கம் குளக்கட்டுமாக நிற்கிறது. அத்திவாரம் முருகைக்கல். அதற்கு மேல் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கோபுரம் இல்லை. மணியும் இல்லை, முற்றத்து வேம்பில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது, ஞாயிறு காலையில் அதைத்தான் அடிப்பார்கள். ஆராதனைக்கு நாற்பது பேர் வந்தால் அன்று நல்ல கூட்டம். முகாமைக் குருவுக்குச் சேகரத்தில், அதாவது அவர் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதியில், வேறு சபைகளும் உண்டு என்பதால் அவர் வராத ஞாயிறுகளில் உள்ளூர்ப் பிரசங்கிமார் நடத்துவார்கள்.

திருத்த வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக இருந்தது. தெற்குச் சுவரின் உட்பூச்சு நெஞ்சுயரம் வரை உப்பி, தொட்டால் உதிர்ந்தது. வடக்குக் கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற்றுகளில் வெடிப்பு. மாரி மழையில் திருவிருந்து மேசையை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் அதன் கால்கள் ஆட்டம் கண்டுவிட்டன. அறுப்பின் விழா ஏலத்தில் சேர்ந்த காசும், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியதும் சேர்ந்த பிறகுதான் வேலை என்ற பேச்சுக்கு உயிர் வந்தது.

சபைக் கூட்டத்தில் முதலில் வைத்த மதிப்பீடு இது: பழைய பூச்சை உரித்து ஒன்றுக்கு நாலு சீமெந்துப் பூச்சு, மேலே எமல்சன், கூரை முழுக்க அலுமினியத் தகடு, தரைக்குப் பளபளக்கும் மாபிள், முகப்பில் ‘1865’ என்று வெட்டிய கருங்கல். நான் நகரத்தில் படவரைஞராக வேலை செய்கிறவன். புது வீடு ஒன்றுக்கு அந்த மதிப்பீட்டில் பிழை சொல்ல முடியாது. இந்தக் கட்டடத்துக்கு அது ஒத்துவராது என்று சொன்னேன். அப்படியென்றால் நீயே பொறுப்பெடு என்றார்கள். எழுபது வயது தாண்டிய மேசன் ஒருவரும், கூரை வேலை தெரிந்த ஓடாவி (தச்சர்) ஒருவரும், சபை இளைஞர் சிலரும் கூட வந்தார்கள். அந்த மேசன் இளவயதில் சுண்ணாம்பு குழைத்தவர். பிறகு ஐம்பது வருடம் சீமெந்தே பூசியவர்.

முதலில் கூரை.

தெற்குப் பக்கம் ஓடு, வடக்குப் பக்கம் அஸ்பெஸ்டஸ் என்று ஏன் இரண்டு விதம் என்பதற்கு ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: சூறாவளி. 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளியை எங்கள் பக்கத்தில் இன்னும் காலக்கணக்கு வைக்கப் பயன்படுத்துகிறார்கள். ‘சூறாவளிக்கு முந்தி’, ‘சூறாவளிக்குப் பிறகு’ என்றே வயதைச் சொல்லும் ஆட்கள் உண்டு. ஆலயத்தின் வடக்குக் கூரை அன்று இரவு மொத்தமாகப் போனது. உடையாமல் கிடைத்த ஓட்டையெல்லாம் பொறுக்கித் தெற்குப் பக்கத்தைச் சரிக்கட்டி, வடக்கை நிவாரணத்தில் வந்த சீற்றால் மூடியிருக்கிறார்கள்.

ஓடுகளைக் கழற்றி அடுக்கும்போதுதான் ‘1865’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆங்கிலத்தில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் அச்சாகியிருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆலயம் 1865இல் கட்டியது என்று ஊரில் பரம்பரையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். உண்மையில் அது பாசல் மிஷன்காரர் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். தொழிற்சாலையின் முத்திரையில் அந்த வருடமும் சேர்ந்ததால், அதற்கு எத்தனையோ வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் 1865 என்றே இருக்கும். கேரளத்திலும் கர்நாடகக் கரையிலும் பழைய வீட்டுக்காரர் பலர் இதே எண்ணை வைத்துத் தங்கள் வீட்டுக்கு வயது சொல்வார்கள் என்று கேள்வி. சுவிற்சர்லாந்தில் தலைமையகம் கொண்டு, ஜெர்மானிய மிஷனரிமார் நிறைந்த ஒரு மிஷன், மதம் மாறியவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய தொழிற்சாலை அது. அங்கே சுட்ட ஓடு கடல் தாண்டி வந்து இங்கிலாந்து வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனின் கூரையில் ஏறியிருக்கிறது.

எங்கள் அடுக்கில் இன்னொரு வகை ஓடும் கலந்திருந்தது. அளவு அதே, முத்திரையில் மட்டும் கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயர். முதலாம் உலகப் போரில் பாசல் மிஷனின் தொழிற்சாலைகளைப் பிரித்தானிய அரசு எதிரிச் சொத்தாக எடுத்துக்கொண்டது. போர் முடிந்த பிறகு அவை அந்தப் பெயருள்ள கம்பனியிடம் போயின. ஆகவே இந்தக் கூரையில் போருக்கு முந்தைய ஓடும் உண்டு, பிந்தைய ஓடும் உண்டு. கருங்கல்லில் 1865 வெட்டும் யோசனை அந்த ஞாயிறோடு நின்றது. சில பேருக்கு என்மேல் கொஞ்சம் மனக்குறை. முப்பது நாற்பது வருடப் பழைமையை ஒரு ஓட்டைத் திருப்பிக் காட்டிப் பறித்துவிட்டேனாம்.

அஸ்பெஸ்டஸ் கழற்றுவது தனி வேலை. சீற்றை உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, காய்ந்த நிலையில் தொடவே கூடாது. விசிறித் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைத் திருகி எடுத்து, முழுச் சீற்றாகக் கயிற்றில் இறக்கினோம். எல்லாருக்கும் நுண்தூசி தடுக்கும் முகமூடி. துணி முகமூடி இதற்கு உதவாது. இறக்கியதைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிரதேச சபை காட்டிய இடத்துக்கு அனுப்பினோம். ஆட்டுக்கொட்டிலுக்கு இரண்டு சீற்றுத் தரமுடியுமா என்று கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி.

சீற்றை எடுத்துவிட்டு ஓட்டை ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தட்டை ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ; சதுர மீற்றருக்குப் பதினைந்து ஓடு. அதாவது சதுர மீற்றருக்கு 37, 38 கிலோ, மழையில் நனைந்தால் இன்னும் கூட. அஸ்பெஸ்டஸ் அதில் பாதி கூட வராது. சூறாவளிக்குப் பிறகு வடக்கில் போட்டிருந்த கைமரங்கள் (முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரங்கள்) சீற்றுக்கென்று அகல இடைவெளி விட்டுப் போட்ட தென்னை. தெற்கில் இருந்தவை பழைய பனை. ஓடாவி சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார்; கணீரென்றால் வைரம், மொத்தென்றால் உள்ளே சோற்றி தின்னப்பட்டிருக்கிறது. சந்தேகமானவற்றில் திருப்புளியைக் குத்திப் பார்த்தோம். தெற்குப் பனைகள் நடுவில் எல்லாம் இரும்பு. சுவரில் புதைந்த நுனிகள் மட்டும் உளுத்திருந்தன. அந்த நுனிகளை வெட்டி, பக்கத்தில் புதுப் பனைத் துண்டு வைத்து இரண்டு போல்ற் போட்டு இணைத்தோம். நுனிகளுக்குப் போறிக் உப்புக் கரைசல் இரண்டு தடவை பூசி, காய்ந்த பின் தார். சுவருக்குச் சுவர் போகும் தீராந்திகள் முதிரை மரம். அவற்றில் கை வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. வடக்குக்கு அனுமதிச் சீட்டோடு வாங்கிய முற்றிய பனையில் புதுக் கைமரம், தெற்கின் அதே இடைவெளியில்.

ரீப்பை, அதாவது ஓடு தங்கும் குறுக்குச் சட்டம், அடிக்கும்போது ஒரு விஷயம். ரீப்பைக்கு ரீப்பை பன்னிரண்டரை அங்குலம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி அடிக்கக் கூடாது. பழைய ஓடும் புது ஓடும் கால் அங்குலம் அரை அங்குலம் வித்தியாசப்படும். கையில் இருக்கும் ஓட்டில் ஆறேழை நிலத்தில் கோத்து, இழுத்து ஒருமுறையும் நெருக்கி ஒருமுறையும் அளந்து, நடு அளவை எடுத்துப் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகைதான் அளவுகோல். கூரை முழுக்க ஏறத்தாழ 1,600 ஓடு பிடித்தது. பழையதில் நல்லது தெற்குக்கும் வடக்கின் மேல்பாதிக்கும் போதுமாக இருந்தது; மிச்சத்துக்கு இடித்த வீடுகளில் வாங்கினோம். 1978 மறுபடி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை என்பதால் கைமரங்களைச் சுவர்விட்டத்தோடு நாகமுலாம் பூசிய பட்டியால் கட்டினோம். சுவர்விட்டத்தை இரண்டடி ஆழம் இறங்கிய கம்பியால் சுவரோடு பிடித்தோம். பழைய கட்டில் அது சாந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. கூரையைக் காற்று பொதுவாக நடுவில் பிடிப்பதில்லை; ஓரத்தையும் முகட்டையுமே முதலில் கிளப்பும். ஆகையால் கீழ் இரண்டு வரிசையையும் முகட்டுக்கு அடுத்த வரிசையையும் ஓட்டின் அடியில் உள்ள காதுத் துளையில் செப்புக் கம்பி கோத்து ரீப்பையோடு கட்டினோம்.

இனிச் சுவர்.

தெற்குச் சுவர் ஏன் உப்பியது என்பதற்குக் காரணம் வெளியே இருந்தது. சூறாவளிக்குப் பிறகு யாரோ நல்லெண்ணத்தில் சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சீமெந்து மேடை போட்டிருக்கிறார்கள். உள்ளேயும் நாலடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சு. முருகைக்கல் அத்திவாரத்துக்கு ஈரம் ஏறும் குணம் உண்டு. பக்கத்தில் குளம், நிலத்திலும் வாவி உப்பு. ஈரம் ஏறுவதில் தவறில்லை, அது சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்க் காய்ந்துவிடும். கட்டியவர்கள் கணக்கும் அதுதான். இரண்டு பக்கமும் சீமெந்தை அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஏறி, சீமெந்து முடியும் இடத்தில் வெளியே வந்து உலரும். உலரும் இடத்தில் உப்பு பூக்கும். பூக்கும் உப்பு செங்கல்லின் முகத்தைத் தள்ளும். எங்கள் சுவரில் நாலடிக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் நீளமாக ஒரு வெண்பட்டி இருந்தது. அந்தப் பட்டிக்குத்தான் வருடா வருடம் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையை உடைத்தோம். அந்த இடத்தில் ஒன்றரையடி ஆழம் வெட்டி, சல்லி நிரப்பி, வயல் பக்கம் சரிவு கொடுத்தோம். கூரைக்குப் பீலி வைத்து, தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விட்டோம். உள்ளே சீமெந்துப் பூச்சை மேலிருந்து கீழாக, உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்து, சின்னச் சின்னத் துண்டாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் செங்கல்லின் தோலும் கூட வரும். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறும் மேனியாக விட்டோம். இந்தப் பகுதிதான் சபையாருக்குப் பிடிக்கவில்லை. வேலையைத் தொடங்கிவிட்டு ஆளையே காணோம் என்று பேச்சு. நனைந்த சுவருக்கு மேல் எதைப் பூசினாலும் பணத்தைத்தான் பூசுகிறோம் என்று போதகர் ஐயா ஆராதனை முடிவில் ஒருமுறை அறிவித்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

சுவர் காய்ந்துகொண்டிருந்த காலத்தில் கிழக்குச் சுவரைப் பார்த்தோம். திருவிருந்து மேசைக்குப் பின்னால் இருக்கும் முக்கோண முகச்சுவர் அது. ஈரம் ஏறாத சுவர், சீமெந்தும் படவில்லை; வெள்ளைக்கு மேல் வெள்ளையாக அடித்து அடித்து, ஓர் அங்குலத்துக்குப் பொருக்கு கட்டியிருந்தது. ஒரு மூலையில் கத்தி வைத்துப் படிபடியாகச் சுரண்டி, ஒவ்வொரு படையும் ஒரு விரல் அகலம் தெரியும்படி விட்டோம். மேலே எமல்சன். அதன் கீழே வெள்ளை, வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை. பிறகு ஒரு கறுப்பு. மறுபடி வெள்ளைகள். அடியில் இன்னொரு கறுப்பு.

மேல் கறுப்பு யாருக்கும் புதிரில்லை. ஈரத்துணியால் தொட்டால் எண்ணெய்ப் பசையோடு கையில் வந்தது: புகைக்கரி. 1990இல் போரால் மாவட்டமே இடம்பெயர்ந்து அலைந்தபோது இந்த மண்டபத்துக்குள்ளும் பல குடும்பங்கள் தங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கின்றன. அப்போது சிறுவனாக உள்ளே படுத்தவர்கள் இன்றும் சபையில் இருக்கிறார்கள்.

கீழ்க் கறுப்பு வேறு. துணியில் வரவில்லை, நகத்தால் கீறினால் மட்டும் மெல்லிய கோடு விழுந்தது. எல்லைகளும் நேராக இருந்தன. வெள்ளையை மெதுவாக எடுத்துக்கொண்டே போனால் எட்டடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு கரும்பலகை. சுவரிலேயே பூசியது. இடது பாதியில் ஆணியால் கீறிய இரட்டைக் கோடுகள், எழுத்துப் பயிற்சிக்கு.

ஊரில் மூத்தவரான ஒரு பெரியம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். சிறுமியாக இந்த மண்டபத்தில் படித்தவர். இளைஞர்களில் ஒருவன் கைபேசியை நீட்டிக்கொண்டு, நீங்கள் முதல் எழுத்து எழுதியது இதிலா என்று கேட்டான். “இதில எங்கள எழுத விட்டாத்தானே மனே! வாத்தியார் மட்டும்தான் எழுதுவார். நாங்க சிலேட்டில. தொட்டா அடி விழும்,” என்றார். சிரட்டைக் கரியையும் கோவை இலையையும் அம்மியில் அரைத்து விடுமுறைக்கு முந்தின நாள் பூசுவதுதான் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் வேலையாம். முதல் மணி வேதபாடம், அதாவது பைபிள் பாடம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவம். வேதபாடத்தில் பரிசு வாங்கியது பூசகர் வீட்டுப் பிள்ளை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, மேசை இருந்த இடத்தைக் கையால் காட்டி, “இது திங்கக்கிழமை மூலைக்குப் போயிரும், ஞாயிறுக்குத் திரும்பி வரும்,” என்றார்.

அதற்குப் பிறகு கட்டடத்தில் புரியாமல் இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. வாங்குகளின் முதுகில் ஏன் வட்டத் துளை? மைக்கூடு வைக்க. நீளச் சுவர்களில் செங்கல்லால் அடைத்த இரண்டு வாசல் ஏன்? வகுப்புக்கு வகுப்பு வாசல். ஜன்னல் விளிம்பு ஏன் உட்கார்ந்தால் வெளியே தெரியாத உயரத்தில்? பிள்ளைகள் வேடிக்கை பார்க்காமல் இருக்க. வேம்பில் தொங்கும் தண்டவாளத் துண்டும் பள்ளிக்கூட மணிதான். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அந்தத் துண்டு அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சேகரத்தின் பழைய காலாண்டுக் கூட்டக் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் அதே கதை: தொடக்கப் பக்கங்களில் எங்கள் ஊரின் பெயருக்கு நேரே ‘பள்ளிக்கூடம்’ என்றுதான் இருக்கிறது. ஓலை மாற்றிய செலவு, வாத்தியார் சம்பளம், பரீட்சை முடிவு. ‘ஆலயம்’ பல பக்கங்கள் கழித்துத்தான் வருகிறது. கோயிலில் பள்ளிக்கூடம் நடந்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆராதனை நடந்திருக்கிறது.

மிஷனின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 ஜூன் 29ஆம் தேதி தென்கரைத் துறைமுகமான காலியில் இறங்கினார்கள். அவர்களைத் திரட்டி அழைத்துவந்த தோமஸ் கோக் வழியிலேயே, மே 3ஆம் தேதி, கப்பலில் இறந்துபோயிருந்தார். வந்தவர்கள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டபோது லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். அவருடைய மனைவியும் அதே பயணத்தில் கடலில் இறந்தவர். 1815 ஏப்ரலில் ஓல்டும் நோய்வாய்ப்பட்டு இறந்தார். மட்டக்களப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டு மாதம் அளவுதான். அந்த எட்டு மாதத்தில் அவர் முதல் வேலையாகச் செய்தது பள்ளிக்கூடங்கள் தொடங்கியது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாக 1814ஐச் சொல்வது அதனால்தான்.

கிராமங்களுக்கு இது பெருமளவில் பரவியது பிறகு. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் வந்து, மிஷன் பள்ளிகளுக்கு அரசு நன்கொடை கொடுக்கத் தொடங்கியது. பரீட்சையில் பிள்ளை தேறினால் அதற்கேற்பக் காசு. வாத்தியார் சம்பளத்துக்கு அரசிடமிருந்து வழி கிடைத்தால் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டுவது மிஷனுக்குக் கட்டுப்படியாகும். வார நாளில் வகுப்பு, ஞாயிறு ஆராதனை, மாலையில் ‘வகுப்புக் கூட்டம்’ என்ற மெதடிஸ்தரின் சிறுகுழு ஜெபக் கூட்டம். ஒரே கூரையில் எல்லாம். ஆடம்பரம் இல்லாத மண்டபம் மெதடிஸ்தருக்குக் கொள்கையளவிலும் ஒத்துவந்தது என்பதையும் சொல்ல வேண்டும், காசில்லாததை மட்டும் காரணமாக்கக் கூடாது. 1960, 61ஆம் வருடச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பெடுத்தது. எங்கள் பள்ளிக்கூடம் பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. மண்டபம் மட்டும் சபையிடம் தங்கியது. வாசலை அடைத்ததும், பலகையை வெள்ளையால் மூடியதும் அதற்குப் பிறகுதான். இலங்கை மெதடிஸ்த திருச்சபை இங்கிலாந்து மெதடிஸ்த மாநாடு என்ற தலைமை அமைப்பிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது 1964இல். மண்டபம் முழுநேர ஆலயமானதும் கிட்டத்தட்ட அதே காலம்.

இது தெரிந்ததும் திருத்த வேலையின் திட்டம் மாறியது. அடைத்த வாசல் இரண்டையும் திறந்தோம். காரணம் வரலாற்றுப் பக்தி அல்ல, காற்று. தென்கிழக்கும் வடமேற்குமாக இருந்த அந்த இரண்டு வாசலும் எதிரெதிர்க் காற்றுக்கு என்று வைத்தவை; அவற்றை அடைத்த பிறகுதான் மண்டபம் புழுங்கத் தொடங்கியிருக்கிறது. மின்விசிறிக்கு வைத்திருந்த காசு கதவுப் பலகைக்குப் போனது. தரைக்கு மாபிள் வேண்டாம் என்றும் முடிவானது. பளபளப்புத் தரை ஈரத்தைச் சுவருக்குத் தள்ளும். பழைய தரையை மட்டம் பார்த்துச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து ஒட்டுப் போட்டோம்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இப்போது இந்த வேலையைச் சொல்லித்தர ஆள் குறைவு.

பழைய காலத்தில் எங்கள் கரையோரச் சூளைகளில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. முருகைக்கல் எடுப்பது இன்று சட்டப்படி தடை. தடை சரியானதே, கரையைக் காப்பது அந்தக் கல்தான். கடையில் மூட்டையில் கிடைப்பது மலைநாட்டுக் கல்லைச் சுட்டு, நீர் தெளித்துத் தூளாக்கியது. அதை அப்படியே மணலில் கொட்டிக் குழைத்தால் பூச்சு பிறகு கொப்பளிக்கும். பரலில் முதலில் தண்ணீர், அதற்குள் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிண்டி, நுளம்பு வலையில் வடித்து, மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊற விடுங்கள். வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். நீற்றாத கல் கிடைத்தால் இன்னும் கவனம், தண்ணீரில் போட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

மணல் ஆற்று மணல், உப்பில்லாதது, பரும்பருக்கையும் சிறுமணியும் கலந்தது. போத்தலில் மணலும் தண்ணீரும் குலுக்கி வைத்துச் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்துக் கழுவினோம். கலவை சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. கீழே மூன்றடிக்கு மட்டும், அங்கே ஈரம் எப்போதும் இருக்கும் என்பதால், செங்கல் தூள் ஒரு பங்கு. குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த தூள் சுண்ணாம்போடு சேர்ந்து நனைந்த இடத்திலும் இறுகும். மேசன் பனங்கட்டித் தண்ணீர் கேட்டார். கொஞ்சம் விட்டால் சாந்து கைக்கு இதமாக வழுக்கும், கூடினால் இறுகவே இறுகாது. ஒரு பரலுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு நாக்கில் தொட்டுப் பார்த்தார். அளவாக அதை என்னால் எழுத முடியவில்லை.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று. சூடான, காய்ந்த காற்று. சுண்ணாம்புப் பூச்சுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக வேண்டும், அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்துவிட்டால் மாவாக நின்றுவிடும். காலை பத்து மணிக்குப் பிறகு பூசவில்லை. சுவரை முதல் நாளே நனைத்து, பூசிய இடத்துக்கு முன்னால் ஈரச் சாக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். நாளுக்குப் பல தடவை தெளிப்பது இளைஞர் முறை. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழும், நகம் உள்ளே இறங்காது என்ற பதம் வந்த பிறகே அடுத்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் பினோப்தலின் கொஞ்சம் கிடைத்தது. ஒரு மூலையை உடைத்து அதில் சொட்டினால் இன்னும் கல்லாகாத பகுதி இளஞ்சிவப்பாகும். வெளித்தோல் நிறம் மாறாமலும் உள்ளே சிவந்தும் தெரிந்தபோது மேசன், “உள்ளுக்கு இன்னும் பச்சப் பிள்ள,” என்றார். அவர் சுண்ணாம்பைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். மற்ற நேரமெல்லாம் சீமெந்தென்றால் நேற்றே முடிந்திருக்கும் என்ற முணுமுணுப்பு.

மேலே எமல்சன் அடிக்கவில்லை. ஊறிய சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து, சுவரை நனைத்து, ஐந்து மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒன்றோ இரண்டோ அடித்தால் செதிலாக எழும்பும்.

மேற்கு வெளிச்சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட குழிகள் உண்டு. யார் சுட்டது என்று கேட்பதில் இப்போது பயனில்லை. தண்ணீர் இறங்கக்கூடிய ஆழமானவற்றைச் சாந்தால் நிரப்பினோம். மேலோட்டமானவை அப்படியே இருக்கின்றன. வெள்ளை அடித்ததில் பாதி மறைந்துவிட்டன.

கரும்பலகையை என்ன செய்வது என்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது. திருவிருந்து மேசைக்குப் பின்னால் கறுப்புச் செவ்வகம் நன்றாயிருக்காது, மூடிச் சிலுவை மாட்டலாம் என்று ஒரு பகுதி. திறந்தே வைக்க வேண்டும் என்று ஒரு பகுதி. கடைசியில் மேசையைச் சற்று வடக்கே தள்ளி, பலகையைத் திறந்து வைத்திருக்கிறோம். ஓரங்களில் சுண்ணாம்புக் கீற்றுக் கட்டி, கறுப்பு உதிராமல் பிடித்திருக்கிறது. மேலே எதுவும் பூசவில்லை, வார்னிஷ் அடித்தால் உரியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் எழுத அனுமதி உண்டா என்ற கேள்வி வருடத் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனைக்குப் பிந்தைய கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

வாடைக் காற்றோடு வந்த முதல் மாரியில் முகட்டில் ஒரே இடத்தில் ஒழுகியது. முகட்டோட்டுச் சாந்து வெடித்திருந்தது, எடுத்து மறுபடி வைத்தாயிற்று. தெற்குச் சுவரில் ஈரம் ஏறும் உயரத்தைப் பென்சிலால் மாதம் போட்டுக் குறித்து வருகிறோம். இப்போது இடுப்புக்குக் கீழே நிற்கிறது. உப்பு இன்னும் பூக்கத்தான் செய்கிறது, இத்தனை வருடம் சேர்ந்தது ஒரு மாரியில் போகாது. கீழ் மூன்றடிப் பூச்சு உப்பைத் தாங்கி உதிர்வதற்கென்றே போட்டது. சில வருடத்தில் அதை மட்டும் உரித்துப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். அதுவரை ஆலயத்தைக் கூட்டுகிறவர்கள் பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். ஒட்டுப் போடத் தேவையான சுண்ணாம்பு பின்கொட்டிலில் நீலப் பரலில் இருக்கிறது. மேலே தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.